நொச்சி

ஆட்டம் முடிந்த இரவுகளில் என் கணவர்
படுத்தபடியே காலால் உதைத்து
"லிங்க்ஸ்! லிங்க்ஸ்!" என்று கத்துவார்.
ஜெர்மன் மொழியில் அது இடது பக்கம்.
இடது பக்கம் படுப்பவள் நான்.
இருபத்தெட்டு வருஷம்.

கைசர்ஸ்லவுட்டர்ன் அமெரிக்கப் படைமுகாமில்
தட்டுக் கழுவப் போனவர்,
ஜன்னலுக்கு வெளியே சிப்பாய்கள்
முட்டை வடிவப் பந்துக்காக
ஒருவர்மேல் ஒருவர் விழுவதைக் கண்டார்.
கூட வேலை செய்தவர்கள் பந்தைப் பார்த்தார்களாம்.
இவர் பார்த்தது
பந்து கையில் இல்லாத பதினொரு பேரை.
கலியாணத்துக்கு முந்திய கதை.
எனக்குச் சொன்னது கலியாணத்துக்குப் பிந்தி.

பல்கலைக்கழக அணியின் தற்காப்புப் பயிற்சியாளர்.
பெயர் சபாநடேசன்; பெடியள் "ஸபா" என்பார்கள்.
சம்பளம் பெட்ரோல் காசு,
நத்தாருக்கு ஒரு வைன் போத்தல்.
அவர் குடிப்பதில்லை. நான் குடிப்பேன்.
பகலில் பார்சல் நிலையத்தில் பெட்டி பிரிப்பு.
தலைமைப் பயிற்சியாளர்கள் ஆறு பேர் வந்தார்கள்,
ஆறு பேரும் கோபித்துக்கொண்டு போனார்கள்.
ஒவ்வொரு முறையும்
அந்த நாற்காலியை இவர் பக்கம் தள்ளினார்கள்.
"அதில் இருந்தால் வெல்ல வேணும்," என்றார்.
"எனக்குத் தெரிந்தது விடாமல் நிற்கிறது."

சாப்பாட்டு மேசையில் பதினொரு கடலை,
எதிரே பதினொரு பயறு.
நான் ஊறப்போட எடுத்து வைத்தவை.
ஒரு கடலையை நகர்த்துவார்.
நாடியில் கைவைத்து யோசிப்பார்.
திரும்ப அதே இடத்தில் வைப்பார்.
"தோர்பென், உனக்கு அவசரம்," என்பார்
கடலையிடம்.
ஒருமுறை தோர்பெனை நான் தாளித்துவிட்டேன்.
இரண்டு நாள் வீட்டில் கதை இல்லை.

விதிகளை எனக்கு நூறு தடவை விளக்கினார்.
நான்கு முயற்சி, பத்துக் கஜம்.
விளங்கினது ஒன்றுதான்.
அடித்த புள்ளி பலகையில் ஒளிரும்,
அடிக்கவிடாத புள்ளிக்குப் பலகையே இல்லை.
அதனால் இவர் பச்சைக் கொப்பி ஒன்று வைத்திருந்தார்.
தேதி, எதிரணி, நடக்காமல் போனது.
வரிக் கடிதங்களுக்கு நடுவில்
இப்போதும் இருக்கிறது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
புறத்திணை படிப்பிக்கிறவள் நான்.
மதிலை வளைப்பவனுக்கு உழிஞைப் பூ,
உள்ளே நின்று காப்பவனுக்கு நொச்சி.
ஒருநாள் இதைச் சொன்னேன்.
சப்பாத்துச் சேற்றைக் கரண்டியால் சுரண்டியபடி
"மதில் விழுந்த பிறகும் சூடலாமோ?" என்று கேட்டார்.
அது என் கரண்டி.
முதலில் அதைப் பறித்தேன்.
பிறகு இலக்கணத்தைப் புரட்டினேன்.

கடைசி ஆட்டத்துக்கு நானும் போனேன்,
முதல் தடவையாக.
ஜூன் மாத மழை. மன்ஹைம் பெடியள் எதிரில்.
அவர்களுக்குத் தேவை மூன்று கஜம்,
எங்களுக்குத் தேவை ஐம்பது விநாடி.
முதல் முயற்சி: சேறு, முதுகுகள், விசில்.
இரண்டாவதில் ஒருவனின் தலைக்கவசம் தனியாக உருண்டது.
மூன்றாவதில்
பந்து வைத்திருந்தவனைத் தூக்கிப்
பின்னால் வைத்தார்கள்,
பக்கத்து வீட்டுப் பார்சலைப் போல.
எல்லைக் கோட்டில் இவர்
குடை இல்லாமல், சத்தம் இல்லாமல்.

நாலாவதுக்கு எல்லோரும் பந்தைத் தேடினார்கள்.
நான் தேடினது ஓரத்துக் கடலையை.
அதோ, எழுபத்தொன்றாம் இலக்கம்,
தோர்பென், அவசரக்காரன்.
ஏனென்று தெரியாது, எழும்பி நின்று
என் தொண்டை கிழியக் கத்தினேன்:
"லிங்க்ஸ்! லிங்க்ஸ்!"

பந்து வலது பக்கம் போனது.

காரில் அவர் வைப்பரைப் போட மறந்தார்.
நான் போட்டேன்.
லவுட்டர்ன் வரும்வரை ஒரு சொல் இல்லை.
பிறகு, "உனக்கு யார் சொன்னது லிங்க்ஸ் என்று?"
நான் பதில் சொல்லவில்லை.
கொஞ்சம் சிரித்தார் போல இருந்தது;
லொறி ஒன்று முந்திப் போனதில் சரியாகத் தெரியவில்லை.

கொப்பியில் அன்றைக்கு எழுதினது:
"மூன்று முறை."

இரவு நான் என் பக்கத்தில் விழித்துக் கிடந்தேன்.
கத்தல் இல்லை.
விடிய ஐந்து மணிக்குப் பார்சல் வேலை.
அலாரம் அடிக்கக் கொஞ்சம் முன்னர்
அவர் கால் ஒருமுறை அசைந்து
என் காலில் மெல்ல முட்டியது.

நான் நகரவில்லை.